பழசைக் கிளறாத பெரியவர்

நம் திருகோணமலையில் ஒரு வகை மனிதர் உண்டு: பழசைக் கிளறாதவர். கோயில் கூட்டத்திலும் செத்த வீட்டிலும், மாலையில் கடற்கரையில் காற்று வாங்கும்போதும் இவரைக் காணலாம். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை, யார் எவருக்குச் செய்த கொடுமையையும் தானே மன்னித்துவிடும் தாராள மனசு. பட்டவர் மன்னித்தாரா? அதை இவர் கேட்பதில்லை.

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் பாக்கியரத்தினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கைதிகள் நலன்புரிச் சங்கத் தலைவர். பௌர்ணமிப் போயா நாள் தவறாமல் சோற்றுப் பார்சலோடு சிறைக்குப் போவார், ஒழுக்கம் பற்றி முழங்குவார், முடித்ததும் கொட்டாவி விட்டவர்கள் உட்பட அனைவரும் திருந்திவிட்டதாக அறிவிப்பார்.

அங்கே ஜெயரூபி என்பவர் பாலியல் குற்றவாளிகளுக்கு வாராவாரம் சிகிச்சை வகுப்பு நடத்துகிறார். செய்ததைத் தன் வாயால் சொல்வதுதான் அதில் முதல் வேலை. திலக்சன் என்பவனுக்கு அதற்கே ஒரு வருடம் பிடித்தது. அவன் சொல்லத் தொடங்கிய அன்று பார்த்து அதிபர் உள்ளே வந்தார்.

"அக்காவின்ர மகளைத் துஷ்பிரயோகம் செய்தனான். சின்னப் பிள்ளை அவள். வெளியில வந்தா என்னை அந்த வீட்டுக்கு விடாதேங்கோ. என்னை நம்ப ஏலாது."

அதிபருக்குக் காது கூசிவிட்டது.

"சீச்சீ, என்ன கதை இது! பழசைக் கிளறாதேங்கோ பிள்ளை. பெடியன் திருந்தீட்டான்."

"அவன் இப்பதான் திருந்தப் பார்க்கிறான் சேர். நீங்கள்தான் விடுறீங்கள் இல்லை," என்றார் ஜெயரூபி.

கேட்பாரா? தண்டனை முடிந்த அன்றே வேன் பிடித்துப் போய் அவனை ஏற்றிவந்தார். அக்காவின் மகள் அப்போது பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்தியச் சடங்கு ஏற்பாடாகியிருந்தது. "தாய்மாமன் தேங்காய் உடைக்காமல் என்ன சடங்கு?" என்று அதட்டி, அழுத அக்காவை அடக்கி, "வேணாம் சேர்" என்று கும்பிட்டவனுக்குப் பட்டுவேட்டி கட்டி, மணவறையில் அவளுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார். பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்தாராம், வெட்கங்கெட்ட மனுசன்! பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

அதிபரை நினைத்துப் பல்லைக் கடிக்கிறீர்கள், அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அந்த மண்டபத்தில் நீங்களும் இருந்தீர்கள். வீடியோக்காரர் கெஞ்சியும் பிள்ளை கடைசிவரை தலை நிமிரவில்லை. அப்போது பின்வரிசையில் யாரோ வாய் நிறைய வடையோடு, "பாருங்கோவன், என்ன வெட்கம்!" என்று சிரித்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள்தானே அது?