ஊட்டு வேலை

முட்டை வண்டிக்காரனின் இன்சூரன்ஸ் கம்பெனியைச் சும்மா விடுவதில்லை என்று பாலசுந்தரம் முடிவு கட்டியபோது அவர் வாயில் இட்லி இருந்தது. அதனால் முடிவை உடனே அறிவிக்க முடியவில்லை. மென்று விழுங்கும்வரை பொறுத்திருந்து, அடுத்த வாய் வருவதற்குள் அவசரமாக அறிவித்தார்.

"உட மாட்டேன். கோர்ட்டுக்குப் போறேன்."

"போலாமுங்க. மொதல்ல ஆ காட்டுங்க," என்றாள் அவர் மனைவி அன்புச்செல்வி.

முட்டை வண்டி இடித்ததில் வலது பக்கம் காறை எலும்பு முறிந்திருந்தது. கை கழுத்துப் பட்டையில் தொங்கியது. பல் துலக்குவதிலிருந்து சட்டைப் பொத்தான் வரை எல்லாம் அன்புச்செல்வியின் தயவுதான். உண்மையைச் சொன்னால் பாலசுந்தரத்துக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எலும்பு நன்றாக இருந்த காலத்திலும் அவர் இருந்த இடத்துக்கே எல்லாம் வரும். ஊட்டிவிடுவது மட்டும் புதிது. அதுவும் நாலு நாளில் பழகிவிட்டது.

மனிதர் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். கல்கத்தாவுக்கும் கௌஹாத்திக்கும் லோடு அனுப்புகிற கை அவருடையது. சாப்பிட்ட தட்டை ஹாலிலிருந்து சமையலறைக்கு அனுப்ப மட்டும் அந்தக் கையால் ஆகாது. காபி குடித்த டம்ளரை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடுவார். மறுநாள் காலையில் அதே டம்ளர் கழுவித் துடைத்து, காபியோடு திரும்பி வரும். எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று இருபது வருஷத்தில் அவர் ஒருமுறையும் விசாரித்ததில்லை.

இப்படிப்பட்டவர் சைக்கிளில் ஏறியதற்குக் காரணம் சர்க்கரை. நடக்கவாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். நடப்பது தன் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று கியர் வைத்த சைக்கிளும் தலைக்கவசமும் வாங்கினார். தினமும் விடிகாலையில் திருச்செங்கோட்டு ரோட்டில் மிதித்துப் போவார். எங்கே திரும்புவார் என்பது ரகசியம். போண்டாக் கடையில் திரும்புவார். அன்றைக்கும் போண்டாவை முடித்துக்கொண்டு தெம்பாக வந்தபோதுதான், நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றி வந்த, குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி பின்னால் வந்து இடித்தது. அவர் ஒரு பக்கம் விழுந்தார். முட்டைத் தட்டுகள் அவர் மேல் விழுந்தன. கூடிய கூட்டம் மூளையே வெளியில் வந்துவிட்டது என்று அலறியது. அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தார். மூளையாக இருக்க வாய்ப்பில்லை, மஞ்சள் கருவாகத்தான் இருக்கும் என்று அவர்தான் எல்லாரையும் சமாதானப்படுத்தினார்.

டிரைவர் தப்பைத் தன்மேல் ஒப்புக்கொண்டான். போலீசும் வழக்குப் போட்டது. இனி வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர வேண்டும். அந்தப் பணத்தில் என்ன வாங்குவது என்பதை பாலசுந்தரம் ஆம்புலன்சிலேயே தீர்மானித்துவிட்டார். சேலத்தில் ஒரு கடையில் பார்த்து வைத்திருந்த நாற்காலி. பொத்தானை அமுக்கினால் பின்னால் சாயும், காலைத் தூக்கிவிடும், முதுகைப் பிடித்துவிடும். அந்த ஆசையை அவர் முன்பு வெளியிட்டபோது, இருக்கிற நாற்காலியிலிருந்தே உங்களை எழுப்ப முடியவில்லையே என்று அன்புச்செல்வி மறுத்திருந்தாள்.

அன்புச்செல்விக்கும் ஒரு ஆசை இருந்தது. கார் ஓட்டப் பழக வேண்டும். பெண்களுக்குக் காலை ஆறு மணிக்கு மட்டும்தான் வகுப்பு. போன வருஷம் கேட்டதற்கு, பாலசுந்தரம் செய்தித்தாளை இறக்காமலே, "காலங்காத்தால நீ கெளம்பிப் போயிட்டீன்னா ஊட்டு வேலைய ஆரு பாக்கறது?" என்று முடித்துவிட்டார். எங்கள் பக்கம் வீடு என்று எழுதுவோம், ஊடு என்று பேசுவோம். வீட்டு வேலை எங்கள் வாயில் ஊட்டு வேலைதான். அந்தக் கேள்விக்கு அன்புச்செல்வி அன்று பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் பயப்பட வேண்டும் என்பதும் பாலசுந்தரத்துக்குத் தெரியவில்லை.

வழக்கு நடத்த வந்தவன் சந்தோஷ்குமார். அன்புச்செல்விக்குச் சித்தப்பா மகன், சங்ககிரியிலேயே வக்கீல். படுத்திருந்த காலத்தில் வருமானம் எவ்வளவு போச்சு என்று முதலில் கேட்டான். ஒரு லோடுகூடத் தவறவில்லை, படுத்தபடியே போனில் எல்லாம் பேசி அனுப்பினேன் என்று பாலசுந்தரம் நெஞ்சை நிமிர்த்தினார். சந்தோஷ்குமார் பேனாவை மூடினான்.

"அப்பறம் என்னத்தத்தான் மச்சான் எழந்தீங்க?"

போண்டா என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிச் செலவும் வலிக்கு உண்டானதும் வரும், நாற்காலி அளவுக்கு வராது என்றான் வக்கீல். பிறகு விட்டத்தைப் பார்த்தபடி, இப்போதெல்லாம் கோர்ட்டில் வீட்டு வேலைக்கும் மதிப்புப் போடுகிறார்கள், விபத்துக்கு முன்னால் வீட்டு வேலையெல்லாம் நீங்கள்தான் பார்த்தீர்கள் என்றால் அதைக் கேட்கலாம், என்றான். சமையலறையில் உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

பாலசுந்தரம் தவித்துப் போனார். ஒரு பக்கம் ஆண்பிள்ளையின் மானம். இன்னொரு பக்கம் காலைத் தூக்கிவிடும் நாற்காலி. ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும்வரை மானம் தாக்குப்பிடித்தது. டம்ளரை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, "எழுதிக்க மாப்ள. கூட்டறது, தொவைக்கறது, ஆக்கறது, அல்லாம் நாந்தான்," என்றார்.

அக்கம்பக்கத்துச் சாட்சி ஒன்று வேண்டும் என்றான் சந்தோஷ்குமார். எதிர்வீட்டு மயிலம்மாளைக் கூப்பிட்டார்கள். விஷயத்தைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது. எழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாஞ் சொல்றனுங்க சாமி. ஆனா ஒண்ணு. எம்பட சாட்சி பின்னால பொய்யாப் போயிரக் கூடாது," என்று நிபந்தனை போட்டாள். நாற்காலி ஞாபகத்தில் பாலசுந்தரம் அதற்கும் தலையாட்டினார்.

கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் வரும் என்றதும் அன்புச்செல்வி முழுமூச்சாகக் களத்தில் இறங்கினாள். கேட்டால் பதில் தெரிய வேண்டாமா என்று அவரைச் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார வைத்தாள். கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் வேறு வேறு என்பது முதல் பாடம். ஈரத்துக்கு எந்த விளக்குமாறு, காய்ந்த தரைக்கு எது என்பது அடுத்தது. அதற்குள் எலும்பும் கூடிவிட்டது. பட்டையைக் கழற்றிய டாக்டர், கையை ஆட்டி அசைத்து வேலை செய்தால்தான் நல்லது என்று சொல்லிவிட்டார். வாயால் படித்தால் போதாது என்று அன்புச்செல்வி கரண்டியைக் கையில் கொடுத்தாள். எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதம் வைக்கக் கற்றுக்கொண்டார். பாத்திரத்தின் அடிப்பக்கத்தையும் தேய்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார். புள்ளி வைத்துக் கோலம் போட்டார். முதல் கோலம் லாரி ஸ்டேண்டில் வண்டிகள் தாறுமாறாக நிற்பதுபோல் இருந்தது. நாலாவது கோலம் கோலமாகவே வந்தது. அதை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார்.

விசாரிக்க வந்தவள் தேவிப்ரியா என்று ஒரு இளம் பெண். சொந்த ஊர் செங்கல்பட்டுப் பக்கம், சேலத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மயிலம்மாள் சாட்சிக்குத் தயாராகத் தூண் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அன்புச்செல்வி சமையலறை வாசலில் நின்றாள்.

"விபத்துக்கு முன்னாடி என்ன வேலை சார் செய்வீங்க?"

"ஊட்டு வேலைங்க மேடம்."

பேனா நின்றது. "ஊட்டுற வேலையா?"

"ஆமாங்க. ஊட்டு வேலை அல்லாம் நாந்தானுங்க."

"மூணு வேளையுமா?"

"மூணு வேளையுமுங்க. எடையில காப்பி வேற இருக்குதுங்க."

தேவிப்ரியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்கு சார்?"

இந்தக் கேள்விக்குப் பாடம் நடக்கவில்லை. வீட்டு வேலையை யாருக்குச் செய்வது? வீட்டுக்குத்தானே செய்வது? பாலசுந்தரம் திருதிருவென்று விழித்து மனைவியைப் பார்த்தார். பேனா நின்றபோதே அன்புச்செல்விக்கு விஷயம் புரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத்தானுங்க மேடம்," என்றாள்.

அப்போதுதான் பாலசுந்தரத்துக்கும் புரிந்தது. அய்யய்யோ, அது ஊட்டுறதில்லை, வீட்டு வேலை என்று விளக்க வாயைத் திறந்தார். அதற்குள் மயிலம்மாள் முந்திக்கொண்டாள்.

"நாங் கண்ணால பாத்தனுங்க. அம்மிணிக்கு இவரு ஊட்டறதப் பாத்துப்போட்டு ஊட்டுக்குப் போனா, எங்கூட்டுக்காரரோட சண்டை போடத்தானுங்க தோணும்."

பாலசுந்தரம் திறந்த வாயை மூடிக்கொண்டார். இனி ஒன்றை மறுத்தால் எல்லாமே சந்தேகத்துக்கு ஆளாகும். நாற்காலி போய்விடும். தேவிப்ரியா முதல் வேலையாக அதைத்தான் எழுதினாள். எழுதும்போது பெருமூச்சு விட்டாள். தன் வீட்டுக்காரர் ஒரு டம்ளரை எடுத்து வைக்க மாட்டார் என்று ஆபீஸ் விஷயத்துக்கு நடுவில் சொந்த விஷயத்தையும் சொன்னாள். டம்ளர் என்றதும் பாலசுந்தரம் காலால் எதையோ நாற்காலிக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினார். பிறகு சமையல் கேள்விகள் வந்தன. அரிசியும் பருப்பும் சாதம் வைப்பேன் என்றார். அதற்கு எத்தனை விசில் என்றாள். மூன்று என்றார். சின்ன வெங்காயம்தான் போட வேண்டும், பெரிய வெங்காயம் போட்டால் இனித்துவிடும் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். கடைசியில் அவரே போட்ட காபியைக் குடித்துவிட்டு, இப்படி ஒரு ஆண்பிள்ளையைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு பாலசுந்தரத்துக்குப் பிடித்தே இருந்தது.

மக்கள் நீதிமன்றத்தில் கம்பெனி இழுத்தடிக்காமல் சமாதானமாகப் போனது. பணம் வந்தது. நாற்காலியும் வந்தது. பாலசுந்தரம் சாய்ந்து, கால் மேலே போக, காபியைக் குடித்து, பழக்க தோஷத்தில் டம்ளரைக் கீழே தள்ளினார். நாற்காலி வாங்கிய அன்று இந்தச் சங்ககிரியில் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் யாரும் இல்லை.

மறுநாள் காலையில் காபி வரவில்லை. குனிந்து பார்த்தார். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. இருபது வருஷத்தில் முதல்முறையாக டம்ளர் திரும்பி வரவில்லை. நிமிர்ந்தால், அன்புச்செல்வி சுடிதாரும் ஷூவுமாக, தலையைப் பின்னிப் புறப்பட்டு நின்றாள்.

"ஏனுங்க, வாசல் இன்னும் கூட்டலீங்களா? மயிலம்மாக்கா வந்து நின்னுட்டாங்க."

"அது கேசுக்குச் சொன்னதுதானே?"

"கேசுக்குச் சொன்னதுன்னா பொய்யின்னு ஆயிருமுங்க. கை நல்லா ஆயிருச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. முன்னால செஞ்ச மனுசன் இப்பச் செய்யலீன்னா, கம்பெனிக்காரங்க வந்து சேரைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. நான் டிரைவிங் கிளாஸ் போயிட்டு வாரனுங்க."

பாலசுந்தரம் சந்தோஷ்குமாருக்குப் போன் போட்டார். அக்கா சொல்வது சட்டப்படி சரிதான் என்றான் அவன். பாலசுந்தரத்துக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் முளைத்தது. வீட்டு வேலைக்குப் பணம் கேட்கிற யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று கேட்டார்.

"அக்காதானுங்க மச்சான். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே கேட்டுட்டாங்க."

வாசலைக் கூட்டினார். கோலம் போட்டார். ஒரு புள்ளி தள்ளிப் போயிருக்கிறது என்று மயிலம்மாள் எதிர்வாசலிலிருந்து திருத்தினாள். எறும்பைத் தட்டி டம்ளரைக் கழுவினார். முழுதாகத் தெரிந்த ஒரே சமையல் என்பதால் அரிசியும் பருப்பும் வைத்தார். மூன்றாவது விசில் வந்தபோது அன்புச்செல்வி திரும்பி வந்தாள். முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் சிரிப்பு. பள்ளிபாளையம் ரோட்டில் ஊர்ந்து போன ஒரு லாரியை முதல் நாளே ஓரங்கட்டி முந்திவிட்டேன், அது நம் ஆபீசில் லோடு எடுக்கிற லாரியேதான் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது. இவ்வளவு நாள் இது எங்கே போயிருந்தது என்று பாலசுந்தரம் நினைத்தார். கொஞ்சம் வெட்கமாகவும் நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது.

அன்புச்செல்வி புது நாற்காலியில் விழுந்து பொத்தானை அமுக்கினாள். கால் மேலே போனது. பாலசுந்தரம் நெய் விட்ட சோற்றைத் தட்டில் போட்டு அவள் மடியில் வைத்துவிட்டு, ஒருவழியாக முடிந்தது என்று துண்டால் முகத்தைத் துடைத்தபடி திரும்பினார்.

"எங்கீங்க போறீங்க?"

"அதான் வேலை முடிஞ்சுதல்ல?"

"ஊட்டு வேலைதானுங்க முடிஞ்சுது. ஊட்டற வேலை அப்படியே இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு, அன்புச்செல்வி கண்ணை மூடி ஆ காட்டினாள்.