மரக்காணத்தில் ஒரு வின்மவுத்

மரக்காணம் கடற்கரை,
4.8.1986

சீமையில் வின்மவுத் என்கிற கடலோர ஊரில் ஆஸ்பத்திரி உத்தியோகம் பார்க்கும் என் மச்சான் சிரஞ்சீவி வெங்கடாசலத்துக்கு, உன் அக்காள் புருஷன் தாண்டவராயன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு எழுத வேண்டுமாம், எழுதிவிட்டேன். நலமில்லை. உன் அக்காள் வீரம்மாள் என்னை விட்டுவிட்டுப் பெருமுக்கலில் உங்கள் சித்தப்பா வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது.

எல்லாம் நீ அனுப்பிய புத்தகத்தால் வந்த வினை. விழுப்புரம் ஜங்ஷனில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் கொடுத்து ரிட்டையரான மனுஷனுக்கு உங்கள் ஊர்ச் சரித்திரத்தை யார் அனுப்பச் சொன்னார்கள்? அகராதியை வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். முதலில் நாற்பது மீனவர் குடிசைதானாம். ஒரு டாக்டர் வந்து, கடல் தண்ணீரில் முங்கினால், ஏன், குடித்தால்கூட வியாதி தீரும் என்றாராம். சீமான்கள் வந்தார்களாம். பிறகு ரயில் வந்ததும் ஆலைத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாய் வந்து இறங்கி, லாட்ஜ் லாட்ஜாய் முளைத்து, கடலுக்குள் கால் மைலுக்குப் பாலம் போட்டு அதன்மேல் பேண்டு வாசித்து, நூறு வருஷத்தில் பட்டணமாகிவிட்டதாம். அங்கேயும் மணல்தானே, நம் மரக்காணத்துக்கு என்ன குறைச்சல் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒலக்கூரில் மல்லாட்டை விளைந்துகொண்டிருந்த கொல்லையை விற்றுக் கடலோரத்தில் மாடி வைத்து லாட்ஜ் கட்டினேன். "கடல வேடிக்க பாக்கறதுக்கு யாருங்க ரூம் எடுப்பாங்க?" என்று வீரம்மாள் அன்றைக்கே கேட்டாள். சரித்திரம் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெங்கடாசலம், உங்கள் ஊர் ஜனங்கள் ஆயுசு கூட வேண்டும் என்று கடலுக்கு வருகிறார்கள். நம் ஜனங்கள் ஆயுசு முடிந்தவர்களைக் கரைக்க வருகிறார்கள். திறந்த முதல் வாரம் வந்த ஒரே கிராக்கி மண்டகப்பட்டுக் குடும்பம் ஒன்று, கையில் அஸ்திச் சட்டியோடு. அடுத்த வாரம் இரண்டு சட்டி. திண்டிவனத்திலிருந்து புதுசாய்க் கல்யாணமான ஜோடி ஒன்றும் வந்தது. மொட்டையடித்த நாலு பேர் வராந்தாவில் எள்ளும் பிண்டமுமாய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. லாட்ஜுக்கு ஊரார் கருமாதி வீடு என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அத்தோடு விட்டேனா? உங்கள் ஊரில் அந்தக் காலத்துப் பெண்கள் சக்கரம் வைத்த மரப்பெட்டிக்குள் உட்கார, குதிரை அதைக் கடலுக்குள் இழுத்துப்போய் நிறுத்த, மறைவாய்க் குளிப்பார்களாம். படமே போட்டிருந்தது. வாடகைக்கு வண்டி ஓட்டும் சூசைமுத்துவின் மாட்டு வண்டியை நாலு பக்கமும் கீற்றால் அடைத்து அதே மாதிரி செய்தேன். மாசி மகத்தன்று, சுத்துப்பட்டுச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கிற கூட்டத்தில் திறப்பு விழா. முதலில் யாரை ஏற்றுவது? உன் அக்காளைத்தான்.

"வேணாங்க, மாடு அலயப் பாத்ததில்ல" என்றாள்.

"ஜல்தியா ஏறு, ஜனம் பாத்துக்கினு இருக்குது" என்று நான்தான் அதட்டினேன்.

முதல் அலை மாட்டின் மூஞ்சியில் அடித்தது. அவ்வளவுதான். திரும்பி ஓட்டம் பிடித்த மாடுகள் சாமி, மேளம், பொரிகடலைக் கடை எல்லாவற்றையும் தாண்டிச் சவுக்குத் தோப்பில்தான் நின்றன. வழியெல்லாம் கீற்று கழன்று விழுந்து, சொட்டச் சொட்ட நனைந்த உன் அக்காள் வெறும் வண்டியில் கம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்கோலம் போனாள். ஊரே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வெங்கடாசலம். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"மாடு பயந்துக்கினு ஓடிச்சு, சரி. நீங்க எதுக்குங்க சிரிச்சீங்க?" என்று ஒன்றே ஒன்று கேட்டாள். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள்.

கட்டடத்தை விற்றுவிடுகிறேன். இனிமேல் கடல் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். நான் போட்ட ஒன்பது கார்டுக்கு அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ எழுதினால் கேட்பாள். நான் அழுதேன் என்றும் எழுது, பொய்யில்லை. மற்றபடி உனக்கும் உன் சம்சாரம், பிள்ளைகளுக்கும் தேக ஆரோக்கியம் பெருகட்டும். கடல் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமா தாண்டவராயன்

பின்குறிப்பு: மறுநாள் காலை, ஆடி அமாவாசை. கவரை ஒட்டுவதற்குள் வீரம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பிள்ளை நீ சீமையில் இருப்பதால் உன் அப்பாவுக்குச் சித்தப்பாதான் தர்ப்பணம் கொடுக்கிறாராம், அவரோடு வந்திருக்கிறாள். "ரூம் இருக்குதுங்களா?" என்று யாரோ போல என்னைக் கேட்டாள். மாடியில் நல்ல அறையாய்த் தருகிறேன் என்றேன். "கடல் தெரியாத ரூமாக் குடுங்க." பதினோரு அறைக்கும் கடலைப் பார்த்தே ஜன்னல் வைத்துத் தொலைத்திருக்கிறேன். கடல் தெரியாதது, மாடிப்படிக்கு அடியில் நான் படுக்கிற அறை ஒன்றுதான். அங்கேதான் பெட்டியை வைத்திருக்கிறாள். ஆகவே நீ ஒன்றும் எழுத வேண்டாம், கட்டடத்தையும் விற்கவில்லை. எத்தனை நாளைக்கு என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். அவள் என் அழுக்கு வேட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.