மாசி மாதத்தில் பந்த் வேண்டாம், மச்சான்

அடி அண்ணாமலை,
2002, தை மாதக் கடைசி.

கீழ்பென்னாத்தூர் கடலை மண்டி உரிமையாளரும், கட்சியின் ஒன்றியச் செயலாளரும், கல்யாண மண்டப முதலாளியும், எல்லாவற்றுக்கும் மேலாக என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணனுமான மச்சான் கோதண்டராமன் அவர்களுக்கு சகாதேவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கையும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. உங்கள் தங்கை ரேணுகாம்பாள் நலம். அங்கே உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். வேண்டுவதற்கு எனக்கு இப்போது நேரம் ஜாஸ்தி.

மாடியில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று நான் அறைகள் கட்டியபோது, "இவன் எவ்ளோ நாளைக்கு ஆடுறான்னு பாக்கலாம்" என்று நீங்கள் சொன்னது என் காதுக்கும் வந்தது. மூன்று வருடம் நன்றாகத்தான் ஆடினேன். போன கார்த்திகைக் கடைசியில் டெல்லியில் நாடாளுமன்றத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தாலும் நடந்தது, எல்லையில் பட்டாளம் போய் நின்றாலும் நின்றது, வருகிறேன் என்று சொல்லியிருந்தவர்கள் எல்லாம் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் ஊர் அரசாங்கமே இந்தியாப் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டதாம். எல்லை எங்கே இருக்கிறது, கிரிவலப் பாதை எங்கே இருக்கிறது, நடுவில் எத்தனை மாநிலம் படுத்துக்கிடக்கிறது என்று போன் போட்டுக் கத்திப் பார்த்தேன். ஒரு பிரெஞ்சுக்காரர் எனக்காகப் பிரார்த்தனை செய்வதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார். யாரோ யாரையோ சுடுகிறார்கள், என் வீட்டுப் போர்வைகள் மடித்தது மடித்தபடி கிடக்கின்றன.

தங்கியது ஒரே ஒருத்தர், ஹாலந்துக்கார அம்மா. மார்க்ரீட் என்று பெயர். ரேணுகாவின் வாயில் நுழையாததால் மரகதம்மா ஆகிவிட்டார். அந்த அம்மாவும் கிளம்பிவிட்டால் நான் மாடியைப் பூட்டிவிட்டு, நீங்கள் தருவதாகச் சொல்லும் வேலைக்கு, அதாவது உங்கள் மண்டபத்தில் வாடகைப் பாத்திரங்களுக்குக் காவலாக உட்காரும் வேலைக்கு வந்தாக வேண்டும். மச்சான், தப்பாக நினைக்காதீர்கள், சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்போதெல்லாம் நான் குண்டானோடு நிற்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் மரகதம்மாவைக் கண்ணில் வைத்துக் காத்தேன். பேப்பரை நிறுத்தினேன். கேபிள் ஒயரை நானே மாடியேறி அறுத்துவிட்டு, குரங்கு அறுத்துவிட்டது என்றேன். மரகதம்மா நம்பினார். உங்கள் தங்கைதான், "குரங்கு கட்டிங் பிளேயர வெச்சுகினா ஏறுச்சு?" என்று கேட்டாள். சீரியல் போனதிலிருந்து வீட்டில் குழம்புக்கு உப்பும் இல்லை.

இப்படி உலகச் சண்டையை நான் ஒரு வழியாகச் சமாளித்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் வந்தீர்கள். யாரோ உங்கள் கட்சி பேனரைக் கிழித்துவிட்டான். கிழித்தவனைப் பிடிக்கவில்லை என்று பந்த். காலையில் மரகதம்மா வாழைப்பழம் வாங்க இறங்கினால் எல்லாக் கடையும் சாத்தியிருக்கிறது. "வாட் ஹேப்பண்ட்?" என்று என்னைப் பார்க்கிறார். கலவரம் என்றால் அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவார். என் வாயில் வந்தது, "பெஸ்டிவல், மேடம்" என்பதுதான். என்ன பெஸ்டிவல் என்றார். கடைக்கு பெஸ்டிவல், வருஷம் முழுக்க உழைக்கிற கடைக்கு ஒருநாள் ரெஸ்ட் கொடுத்துக் கும்பிடுவோம் என்றேன். ஆயுத பூஜையில் நாம் பஸ்ஸுக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைப்பதைப் பார்த்தவர் அல்லவா, சந்தேகமே படவில்லை. நேரே போய் பெட்டிக்கடை ஷட்டருக்குக் குங்குமம் வைத்து, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் உங்கள் ஊர்வலம் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனால் காரணம் தெரியாது. அன்று உங்கள் கழுத்தில் மாலை போட்ட வெள்ளைக்கார அம்மா எங்கள் மரகதம்மாதான். லிங்கத்துக்கு வாங்கி வைத்திருந்த மாலை அது. முன்னால் கொடி பிடித்து வருபவர்தான் திருவிழாவின் பூசாரி என்று நினைத்துப் போட்டார். நீங்கள் மைக்கைப் பிடித்து, "கடல் கடந்து வந்த இந்தத் தாயும் நம்மள ஆதரிக்கிறாங்க!" என்று முழங்கினீர்கள். நான் இளநீர்க் குவியலுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

போகட்டும் என்று பார்த்தால், கிழித்தவனைப் பிடித்து ஜாமீனில் விட்டதற்காக இரண்டாவது பந்த். அதையும் பௌர்ணமியன்றா வைப்பீர்கள்? பஸ் ஓடாமல் கிரிவலத்துக்கு ஆளே வரவில்லை. பாதையில் சுண்டல் விற்கும் எல்லம்மாள் அவித்ததையெல்லாம் மாட்டுக்கு வைத்தாள். ஆட்டோ ஓட்டும் மண்ணாங்கட்டி, "சவாரி கம்மின்னா பரவால்லண்ணே, சவாரியே இல்ல. வண்டியிலயே தூங்குறேன்" என்கிறான். உங்கள் மண்டிக்கு வந்த கடலை லாரியே உங்கள் மறியலில்தான் வெயிலில் நின்றது என்று கேள்வி. ரோட்டில் டயர் எரிந்ததைப் பார்த்து மரகதம்மா கேட்டபோது, போகி என்று சொல்லிவிட்டேன். பழையதை எரிப்பார்கள் என்று விளக்கியது என் தப்பு. தன் பிய்ந்த செருப்பையும், போன வாரம் ரேணுகா வாங்கிய கோரைப் பாயையும் கொண்டுபோய் நெருப்பில் போட்டு மூன்று முறை சுற்றி வந்தார். உங்கள் கட்சிப் பையன்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். கோரைப் பாய் பழையதாகத் தெரிந்ததே என்கிறார்.

எனக்கு அலுத்துவிட்டது, மச்சான். இனி அடுத்த பந்துக்கு என்ன பண்டிகை சொல்வேன்? பஞ்சாங்கத்திலேயே இல்லை. மரகதம்மா தங்கியிருக்கும் இந்த மாசி முடியும் வரைக்குமாவது இந்தப் பக்கம் பந்த், மறியல், ஊர்வலம் எதுவும் வேண்டாம். கொடும்பாவி கொளுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரில் கொளுத்துங்கள், அங்கே வெளிநாட்டுக்காரர் யாரும் பால் வாங்க வருவதில்லை. தங்கை புருஷன் காலில் விழுந்து கேட்டதாக நினைத்து, கட்சிக்காரர்களிடம் நல்லவிதமாக எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும். கடலை நல்ல விலை போகட்டும். தீபம் பார்த்த கண்ணோடு எல்லோரும் நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் பாய்க்குப் பதில் சொல்ல வேண்டிய,
சகாதேவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் மரகதம்மா ஐஎஸ்டி பூத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். அங்கே சண்டை என்கிறார்களே என்று அவர் ஊர் சிநேகிதிகள் பயந்தார்களாம். சண்டை நடக்கும் ஊரில் வாரா வாரம் கடைக்குத் திருவிழா எடுப்பார்களா, அதற்குப் போலீஸ்காரர்களே வந்து காவல் நிற்பார்களா என்று இவர் கேட்டிருக்கிறார். ஒரு கூட்டமே மாசியில் கிளம்பி வருகிறது. மாடி முழுக்க நிரம்பி, ரேணுகா கீழறையையும் காலி செய்கிறாள். எல்லோருக்கும் அந்தத் திருவிழாவைப் பார்க்க வேண்டுமாம், என்றைக்கு என்று என்னைக் கேட்கிறார்கள். "எங்க அண்ணங்கிட்ட சொன்னா ஒண்ணு வெக்க மாட்டாரா?" என்கிறாள் உங்கள் தங்கை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, மாசியில் ஒரு பந்த் வைக்கவும். பௌர்ணமி மட்டும் வேண்டாம், பஸ் மேல் கல் வேண்டாம். நீங்கள் முன்னால் கொடி பிடித்து வர வேண்டும், மாலைகள் நிறைய விழும். காரணம் கிடைக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். உங்கள் பேனர் ஒன்று எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே கட்டியிருக்கிறது, கட்டிங் பிளேயரும் என்னிடம்தான் இருக்கிறது.