உயிரோடு இருப்பவரை பிளாக் செய்தது தொடர்பாக

ஃபேஸ்புக்கில் ‘நம்ம ஊர் உடனடி’ பக்கம் நடத்திவரும் ஆசிரியர் இனியவன் தம்பிக்கு, திண்டிவனத்திலிருந்து பெரியசாமி உயிரோடும் நலத்தோடும் எழுதிக்கொண்டது. தங்கள் வீட்டிலும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். தங்கள் பக்கத்தில் என்னை பிளாக் செய்துவிட்டபடியால் தபாலில் எழுத வேண்டியதாயிற்று.

குடிநீர்த் தொட்டியில் வால்வு திறந்துவிடும் வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்ற சனிக்கிழமை, தாங்களே வந்து படம் எடுத்தீர்கள். கேசரியும் சாப்பிட்டீர்கள். அத்தனை படத்தில், நான் ரோஜா மாலையோடு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த ஒரு படம்தான் தங்களுக்குப் பிடித்ததா? கீழே ‘பணி ஓய்வு பாராட்டு விழா’ என்று சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் யார் படிக்கிறார்கள்? முதலில் ஒருவர் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றார். அவ்வளவுதான், ஊரே வரிசையில் நின்று இரங்கிவிட்டது. விழாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனுவாசன்கூட இரங்கல் போட்டிருக்கிறார். கேட்டால், “எல்லாரும் போட்டாங்க, நாம போடலன்னா தப்பா நினைப்பாங்கன்னு போட்டேன்” என்கிறார். முன்பு மனிதன் செத்த பிறகு பேப்பரில் போடுவார்கள். இப்போது போட்டுவிட்ட பாவத்துக்கு நாம் சாகவேண்டியிருக்கிறது.

அதையும் பொறுத்துக்கொண்டேன் தம்பி. ‘எங்க தெருவுக்கு இவர் ஒருநாளும் ஒழுங்கா தண்ணி விட்டதில்ல, இனிமேலாவது வருமா?’ என்று ஒரு புண்ணியவான் எழுத, அதற்கு லைக் மேல் லைக். ‘செத்தவரைப் பத்தி இப்படிப் பேசலாமா?’ என்று இன்னொருவர் எகிற, என் பிணத்தை நடுவில் போட்டுக்கொண்டு மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும் விடிய விடியச் சண்டை. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாதது குழாய் செய்த குற்றம், நான் செய்ததல்ல. மனசு கேட்காமல், மகள் இசைவாணியை விட்டு என் பெயரில் கணக்கு ஆரம்பித்து, ‘நான்தான் பெரியசாமி, உயிரோடு இருக்கிறேன், குழாய் சாய்வு சரியில்லை’ என்று விளக்கமாக எழுதினேன். ‘செத்தவங்க பேர்லகூட ஃபேக் ஐடி தொறக்கறானுங்க பாரு’ என்று ரெண்டு தெருவும் ஒன்றுசேர்ந்து என்னைத் திட்டின. கேசரி சாப்பிட்ட தாங்களும் என்னை பிளாக் செய்தீர்கள்.

ஞாயிறு காலையில் வாசலில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருக்கிறேன், தெருமுனையில் பட்டாசு வெடிக்கிறது. காணை கிராமத்திலிருந்து ஒரு வேன். இறங்குகிறவர் என் மச்சான் அரங்கநாதன், என் மனைவி வடிவின் தம்பி. பெரிய மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைக் கடைசியில் போட்டுவிட்டோம் என்று கோபித்துக்கொண்டு போனவர், பிறகு வாசல்படி மிதிக்கவேயில்லை. வடிவு தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கு வேட்டி எடுத்து வைத்துவிட்டு அழுவாள். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து என் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டுக் காலில் விழுந்து கதறுகிறார். வாயில் மல்லாட்டையோடு என்ன சொல்வது? “வாங்க மச்சான்” என்றேன். அவர் போட்ட அலறலில் வேனில் வந்தவர்கள் வேனுக்கே ஓடிவிட்டார்கள்.

வடிவு வெளியே வந்தவள், தம்பி கையிலிருந்த கோடிப் புடவையைப் பார்த்தாள். புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து போடுகிற புடவை.

“இத்தினி வருசமா எட்டிப் பாக்காதவன், தாலியறுக்கறதுக்குப் புடவ எடுத்துக்கினு வந்து நிக்கிறியேடா!”

“போன்ல போட்டிருந்தாங்கக்கா. ஊரே அழுதுக்கினு இருந்துச்சி. மாமா மூஞ்சிய ஒருதரம்கூடப் பாக்காம போயிட்டமேன்னு வழியெல்லாம் அழுதுக்கினே வந்தேன்.”

“மொதல்ல இத்தக் கொண்டும்போய் மாத்து. அரக்குக் கலர்ல பட்டுப் புடவயா எடுத்துக்கினு ஜல்தி வா. கறி வாங்கியாறச் சொல்றேன்.”

சொல்லிவிட்டுத் தன் தம்பி தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். மச்சான் இன்னும் போகவில்லை.

இருந்தாலும் தப்பு தப்புதான். ஆகவே, இக்கடிதம் கண்டவுடன் அந்தப் பதிவை நீக்கி, மறுப்புப் போட்டு, என்னை பிளாக்கிலிருந்தும் விடுவிக்க வேண்டும். தங்கள் பத்திரிகைத் தொழில் பெருகட்டும், சீக்கிரம் கல்யாணமும் கூடிவரட்டும்.

இப்படிக்கு,
இன்னமும் உள்ள,
பெரியசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியதை மன்னித்து, பதிவை வரும் ஞாயிறு வரைக்கும் எடுக்காதீர்கள். என் கூடப்பிறந்த தம்பி நடராசன் அனந்தபுரத்தில் இருக்கிறான். எங்களுக்குள் பேச்சு நின்று வெகுநாளாகிறது, எதனால் என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை. அவன் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது. முடிந்தால் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். பிணத்தை எப்போது எடுக்கிறார்கள் என்று அவன் கேட்டால், ஞாயிறு மதியம் என்று சொல்லுங்கள். வந்து என்னை எவ்வளவு திட்டினாலும் சரி, வந்தால் போதும்.