என் தம்பிக்காகக் கையெழுத்துப் போட்ட நூறு பேர்

பண்டசோழநல்லூர்,
ஞாயிறு, பூசை முடிந்து

மேன்மைதங்கிய முன்னாள் தூதர் அருள்தாஸ் அவர்களுக்கு, உன் அண்ணன் சார்லஸ் எழுதுவது. மாதா தயவில் இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் முழங்கால் நீங்கலாக.

உன் வேட்புமனுவைத் தள்ளிவிட்டதை டிவியில் கீழே ஓடுகிற எழுத்தில் பார்த்தேன். உன் பெயர் ஓடி முடிவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. மனசு ஆறவில்லை தம்பி. கறுப்புக் கோட்டோடு பஸ் ஏறி ஏழு வருஷம் புதுச்சேரி கோர்ட்டுக்குப் போனாய். பிறகு பரீட்சை எழுதி, பெயரே வாயில் நுழையாத நான்கு நாடுகளில் தூதராக இருந்தாய். யார் யாருக்கோ சமாதானம் பேசினாய், பதினொரு வருஷமாக நம் வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. ரிட்டையரானதும் வருவாய் என்றிருந்தோம். நீ குடியரசுத் தலைவர் தேர்தலில் போய் நின்றாய்.

ஐம்பது பேர் முன்மொழிய வேண்டும், ஐம்பது பேர் வழிமொழிய வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தான். டில்லியில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று நானே கிளம்பி நூறு கையெழுத்து வாங்கினேன், ஆதார் நகலோடு. நம் கொம்யூன் பஞ்சாயத்தில் ஆதார் நகல் இல்லாமல் என்ன நடந்திருக்கிறது? வில்லியனூர் அரிசிக்கடை ஏகநாதன், “எம் பையன் கட தொறப்புக்கு உங்க தம்பி வருவாராண்ணா?” என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார். மகாலட்சுமி மனைப்பட்டாவுக்கு என்று நினைத்துப் போட்டுவிட்டாள். விஷயம் தெரிந்ததும், “பட்டா இல்லியா? சரி வுடு, அவுரு நல்லா இருக்கட்டும்” என்றாள். அம்மாவின் கைநாட்டுக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. “இவன் கெலிச்சா எங்கடா இருப்பான்?” என்று கேட்டாள். “டில்லிலம்மா, முந்நூறு ரூமு வூடு” என்றேன். மறுநாள்தான் கட்டைவிரலை நீட்டினாள்.

எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவைத்தேன். கடைசி நாள் கழிந்தபிறகு சிவப்பிரகாசம் வாத்தியார் சொல்கிறார், எம்.பி., எம்.எல்.ஏ. கையெழுத்துதான் செல்லுமாம். உன்னைக் கேட்டிருந்தால் நீயே சொல்லியிருப்பாய், நீ போனை எடுத்தால்தானே கேட்பேன்.

போகட்டும், மனதில் வைக்காதே. ஊரே உனக்காக நின்றது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். அவசரப்பட்டுக் கிளம்பி வரவேண்டாம், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நீ இளையவன், அதனால் ஆசீர்வாதம். தூதர், அதனால் வணக்கம்.

உன் அண்ணன்,
சார்லஸ்

பி.கு.: அனுப்பினேன் என்று எழுதியது பொய். கட்டோடு தபாலாபீசுக்குக் கிளம்பும்போது அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “அனுப்பாதடா. அவ்ளோ பெரிய வூட்டுக்குப் போயிட்டா எம் புள்ள வரவே மாட்டான்” என்று அழுதாள். பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். நீ தோற்றது என்னால்தான் என்று ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை. செல்லாத கையெழுத்து என்று தெரிந்தபிறகும் உறுத்தல் போகவில்லை, செல்லும் என்று நினைத்துத்தானே ஒளித்தேன். அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியதும் நீ தோற்கத்தான். நேற்றுத்தான் அவளிடம், “தம்பி தோத்துட்டாம்மா” என்று சொன்னேன். உன் பாயை எடுத்து வெயிலில் போடச் சொன்னாள். அடுத்த முறையெல்லாம் வேண்டாம்டா, வந்துவிடு.