கேக்கக்காவின் புது வண்டி

நாற்சந்தியின் நட்டநடுவில் கேக்கக்காவின் புது வண்டிக்குப் பேய் பிடித்துக்கொண்டது.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த திரையில் எஞ்சின் விளக்கு, பிரேக் விளக்கு, டயர் விளக்கு, பெயர் தெரியாத இன்னும் நாலு விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் கண் விழித்தன. வேகம் காட்டும் எண் முப்பதிலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்தது. வண்டி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. "வாகனத்தை உடனே நிறுத்தவும்" என்று ஒரு பெண் குரல் ரொம்பத் தன்மையாகச் சொன்னது.

நிறுத்தினாள். பின்னால் இருந்த இருபது வண்டிகளும் அவள் வம்சத்தையே ஹாரனால் திட்டின. எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பினாள். ஒரு விளக்கும் இல்லை. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு வண்டி நகர்ந்தது.

வாங்கிப் பதினொரு நாள்தான் ஆகிறது. அதற்குள் இது மூன்றாவது தடவை.

அவள் வீட்டிலேயே கேக் செய்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள். அதனால்தான் கேக்கக்கா. பெயரிலேயே 'கேக்க' இருந்தாலும் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லை. பதினாறு வருஷம் பஸ்ஸிலும் வாடகை வண்டியிலும் கேக்குகளைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக் காத்தபிறகு, தானே உழைத்து வாங்கிய வண்டி இது.

நேராக சர்வீஸுக்குப் போனாள். கழுத்தில் டை கட்டிய ஒருவர் வண்டியில் கணினியைச் சொருகிப் பார்த்தார். டாக்டரைக் கண்டதும் போன வயிற்றுவலி மாதிரி, பழுது இருந்த சுவடே இல்லை.

"நீங்க தெரியாம ஏதாவது பட்டனை அழுத்தியிருப்பீங்க மேடம்" என்றார் டைக்காரர்.

"நான் கேக் சுடற அவன் அடுப்புல பதினாலு பட்டன் இருக்கு. பதினாறு வருஷமா அழுத்துறேன். இதுவரைக்கும் ஒண்ணையும் தெரியாம அழுத்தினதில்லை."

டைக்காரர் மறுபடி கணினியைச் சொருகினார். மென்பொருளைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்.

ஏற்றியதன் பலன் மறுநாளே தெரிந்தது. முன்பு வண்டிக்குப் பேய் மட்டும்தான் பிடித்தது. இப்போது வாயும் ஓயவில்லை. நாலு கதவும் இறுகச் சாத்தியிருக்க, "பின்கதவு திறந்துள்ளது" என்று வழி முழுக்கப் புலம்பியது. மூன்று தடவை இறங்கிக் கதவைச் சாத்தினாள். நாலாவது தடவை அறைந்து சாத்தினாள். ஐந்தாவது தடவை, "திறந்திருந்தா இருந்துட்டுப் போகுது, நீ வாயை மூடு" என்று வண்டியிடமே கத்தினாள். பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கணவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். அதிர்ந்து பேச மாட்டார். "ஆதாரம் வேணும். நான் பக்கத்துல உட்கார்ந்து வீடியோ எடுக்கறேன்" என்றார்.

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுத் திரைக்கு நேராக ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி பரம சாதுவாக ஓடியது. இரண்டாம் நாள் மாலை, மூக்கைச் சொறிய ஃபோனைக் கீழே வைத்த அந்த ஒரு நொடியில் எல்லா விளக்கும் எரிந்தன. அவர் பதறிப்போய் ஃபோனை எடுத்து, எப்படியோ படம் பிடித்தும் விட்டார்.

அடுத்த நாள் வீடியோவை டைக்காரரிடம் நீட்டினாள். அதில் விளக்கு எதுவும் இல்லை. கணவர் அவசரத்தில் முன்பக்கக் கேமராவை அழுத்தியிருந்தார். அரை நிமிஷம் முழுக்க, வாயைப் பிளந்துகொண்டு அவர் முகம்தான்.

டைக்காரர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். "சார் பயந்துட்டார்னு தெரியுது மேடம்" என்றார்.

அவள் வீடு வரைக்கும் கணவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டிதான் பேசிக்கொண்டு வந்தது.

அடுத்து, வண்டியை நாலு நாள் அங்கேயே விடச் சொன்னார்கள். விட்டாள். மறுபடி பஸ், மறுபடி மடியில் கேக். ஏதோ ஒயரை மாற்றினோம், ஏதோ பெட்டியை மாற்றினோம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் வண்டி மூச்சு விடவில்லை. அவளுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் கல்யாண கேக். மூன்று அடுக்கு. மேலே நூற்றிருபது சர்க்கரைப் பூக்கள், ஒவ்வொன்றும் கையால் செய்தது. பின்சீட்டில் கணவர் இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்திருந்தார். சாலை வெறிச்சோடிக் கிடந்தது.

"முன்னால் தடை" என்றது வண்டி.

முன்னால் ஒரு காக்காய்கூட இல்லை. ஆனால் வண்டி தானாகவே பிரேக் போட்டது. மேல் அடுக்கு முன்கண்ணாடியில் போய் அப்பியது. நடு அடுக்கு அவள் தோளில் இறங்கியது. அடி அடுக்கைக் கணவர் விடாமல் பிடித்திருந்தார், முகத்தால்.

மணப்பெண்ணின் அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். அந்த அம்மா கத்தவில்லை. "உங்களை நம்பித்தானே இருந்தோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பதினாறு வருஷத்தில் ஒரு கேக்கும் போய்ச் சேராமல் இருந்ததில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

வண்டியைத் திருப்பினாள். இந்தத் தடவை சர்வீஸுக்கு அல்ல, விற்ற ஷோரூமுக்கு. கண்ணாடி வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, தோளில் க்ரீமோடு உள்ளே போனாள். அங்கே ஒரு குடும்பம், ரிப்பன் கட்டிய வண்டியின் முன்னால் சாவி வாங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல வண்டிதான், வாங்குங்க" என்றாள் அவர்களிடம். "பின்சீட்ல மட்டும் எதையும் வைக்காதீங்க. புருஷனையும் வைக்காதீங்க. வேணும்னா வெளியில வந்து என் வீட்டுக்காரரைப் பாருங்க."

நீட்டிய கை மடங்கியது. அரை நிமிஷத்தில் மேலாளர் ஓடி வந்து அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

"இப்படி ஒரு புகார் எங்களுக்கு வந்ததே இல்லை மேடம். நீங்கதான் முதல் ஆள்."

"முதல் ஆளா இருக்கறதுல எனக்கு ஒரு பெருமையும் இல்லை. வேற வண்டி குடுங்க. குடுக்கற வரைக்கும் என் வண்டி அந்த வாசல்லதான் நிக்கும்."

மேலாளர் எட்டிப் பார்த்தார். அந்தக் குடும்பம் வெளியே நின்று, முகமெல்லாம் க்ரீமாக இருந்த கணவரிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தது. அவர் தன் வழக்கப்படி நிதானமாக, ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மேலாளர் அப்போதே இறங்கி வந்துவிட்டார். வண்டிக்கு நிரந்தரப் பதிவு எண் இன்னும் வராததால் மாற்றித் தருவதில் சிக்கலே இல்லை என்றார். ஒரு வாரம் மட்டும் அவகாசம் கேட்டார்.

சொன்னபடியே ஒரு வாரத்தில் கொடுத்தார்கள். அதே மாடல், அதே வெள்ளை. மீட்டரில் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது. அவள் கேட்பதற்கு முன்பே மேலாளர் சொல்லிவிட்டார்: "உங்களுக்காக நாங்களே ஓட்டிப் பார்த்து, ஒரு விளக்குகூட எரியலைன்னு உறுதி பண்ணிட்டுத்தான் தர்றோம் மேடம்."

கேக்கக்காவுக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை அக்கறை உள்ள மனிதர்களையா அப்படிப் பேசினோம் என்று தோன்றியது. கோபத்தில் பேசியதற்கு ஈடாக ஒரு பெரிய சாக்லேட் கேக்கை அன்று கையோடு கொண்டுவந்திருந்தாள். மேலாளருக்கு, விற்பனைக்காரர்களுக்கு, பக்கத்துக் கட்டடத்திலிருந்து வரவழைத்து டைக்காரருக்கும் கூடத் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்தாள். டைக்காரர் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

புது வண்டி பூப்போலக் கிளம்பியது. வெளிவாசலில் கம்பியைத் தூக்கிவிட வந்த காவலாளியையும் அவள் விடவில்லை. கண்ணாடியை இறக்கி, பெரிய துண்டாக ஒன்றை நீட்டினாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டார். வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கண்ணில் நன்றி பொங்கியது.

"நீங்க தங்கமானவங்கக்கா, கேக்கெல்லாம் குடுக்குறீங்க, போன மாசம் இந்த வண்டியைக் கொண்டாந்து விட்டுட்டுக் கத்தின ஐயா ஒரு நல்ல வார்த்தை சொல்லலை, அவருக்கும் பாவம் இன்னைக்குச் சாயங்காலம் புது வண்டி குடுக்குறாங்க, உங்க வண்டியைத்தான் க்ரீமெல்லாம் போகக் கழுவி வச்சிருக்கோம்."