கண்ணில்லாத முனி

அப்பல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடக்குப்பட்டுப் பக்கம் போய்ப் பாத்திருக்கணும் நீங்க. ஒரகடம் ரோட்டுலேர்ந்தே ஷேர் ஆட்டோ வரிசை கட்டி நிக்கும். இருங்காட்டுக்கோட்டை, வாலாஜாபாத்னு எங்கெங்கேர்ந்தோ பொம்பளைங்க வந்து எறங்கிக்கிட்டே இருப்பாங்க. பாதிப் பேர் ஷிப்ட் முடிஞ்ச யூனிபார்மோட. ஒவ்வொருத்தி கையிலயும் ஒரு மஞ்சப்பை. பைக்குள்ள தேங்காயா, பழமா? இல்லைங்க. ஒரு குவார்ட்டர் பாட்டில்.

சிரிக்காதீங்க. புருஷன் குடியை நிறுத்தத்தான் கொண்டாந்தாங்க. மத்தியானமே ஒயின்ஷாப் வாசல்ல, குடிகாரனுங்க நடுவுல, முந்தானையால மூஞ்சை மூடிக்கிட்டு நின்னு வாங்கினது. குடியை நிறுத்துறதுக்கு இப்படி ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சா கடைக்காரனே அன்னதானம் போடுவான்.

குவார்ட்டர் யாருக்கு? முனிக்கு. முனி யாரு? அதைக் கோதண்ட சாமிதான் சொல்லணும். கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் அவரு வெறும் கோதண்டம், பிளாட் புரோக்கர். ஏரிக்குள்ள கல்லு நட்டு மனை வித்தவரு. மழையில மனைங்க மேல தண்ணி நின்னப்புறம் காவி கட்டிக்கிட்டார்.

அவர் கண்டுபிடிப்பு இதுதான். இந்தப் பக்கம் கம்பெனி கட்டப் பனந்தோப்பை வெட்டினாங்க இல்ல? அந்தப் பனைமேல ஒரு முனி இருந்துச்சாம். மரம் போச்சு, வீடு போச்சு. முனி பேர்ல பட்டா இல்லாததால நஷ்டஈடும் கெடைக்கல. பாவம், எங்க போகும்? குடிச்சிட்டு வர்ற ஆம்பள உடம்புல பூந்துக்கிச்சு. பூந்து, வீட்டுல இருக்கிற பொண்டாட்டியை அடிக்குது.

"அடிச்சது உன் புருஷன் இல்லம்மா, முனி!" மைக்கைப் பிடிச்சா சாமி வுடமாட்டார். "முனிக்குக் கண்ணே கெடையாது. யாரு, எவருன்னு அதுக்குத் தெரியாது. கை போற பக்கம் அடி வுழும். உன் புருஷன் இன்னா பண்ணுவான்? உடம்பை வாடகைக்கு வுட்ட அப்பாவி!"

அந்த அப்பாவிங்க பந்தல்ல பாய் விரிச்சுச் சாய்ஞ்சு, தொன்னையில வெண்பொங்கல் சாப்பிடுவாங்க. முனி பூந்து பூந்து எளைச்ச உடம்பாச்சே! பரிகாரம் மட்டும் பொண்டாட்டிங்களுக்கு. சாமி மேல முனி எறங்கும். பாட்டிலைக் கவுத்துக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, முன்வரிசைப் பொம்பளைங்க கன்னத்துல ஆளுக்கு ஒரு அறை விடும். வாரத்துக்கு ஒரு அறை இங்க வாங்கிட்டா வீட்டுல வாங்க வேணாமாம். செல்போனுக்கு ரீசார்ஜ் பண்ற மாதிரி, அடிக்கு அட்வான்ஸ்! வீட்டுக்குப் போயும் அடி விழுந்தா? "மட்டமான சரக்கு வாங்கியாந்திருப்ப, முனிக்குப் புடிக்கல"ன்னு அதுக்கும் பதில் ரெடி. த்தூ! இதையும் நம்பினாங்க.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் ரஞ்சனி வந்தா. அவ கையில மஞ்சப்பை இல்லை, மாவுக்கட்டு இருந்துச்சு. கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில தையல் லைன்ல வேலை அவளுக்கு. புருஷன் மோகன் இன்னொரு கம்பெனியில போர்க்லிப்ட் ஓட்டுறவன். குடிச்சிட்டு வந்து அவன் முறுக்கின முறுக்குல அவ மணிக்கட்டு ஒடைஞ்சுபோச்சு. போலீசுக்குக் கெளம்பினவளை மறிச்சவரு, அவங்க குடியிருந்த லைன்வீட்டு ஓனர் தணிகாசலம்.

"ஸ்டேசன், கோர்ட்டுன்னா குடும்பம் நாறிப்பூடும்மா. சாமியைக் கேப்போம். அடிச்சது முனிதான்னு வாக்கு வந்துட்டா நீ மோகனோட வூட்டுக்குப் போயிடணும்"னு பேசி முடிச்சிருந்தார். அதுவரைக்கும் அவ ஒரு தோழியோட ரூம்ல இருந்தா. தையல் லைனுக்கு ரெண்டு கையும் வேணும். மறுபடி அந்த வீட்டுக்குள்ள போனா அடுத்தது எந்த எலும்போ, அவளுக்குத் தெரியாது.

சாமி கண்ணை மூடினார், தொறந்தார். "முனியேதான்! மோகன் மேல குத்தமே இல்ல."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல சாமி"ன்னு மோகன் பாய்மேலேர்ந்து கண்ணைத் தொடைச்சான். கூட்டமே அவனுக்காக உச்சுக் கொட்டிச்சு. கை ஒடைஞ்சவளுக்கு ஒரு உச்சு இல்லைங்க!

ரஞ்சனி எழுந்தா. "ஒரு சந்தேகம் சாமி. இவரு கம்பெனி கேட்டுல ஊதிப் பாக்குற மெஷின் கீது. காலையில ஷிப்ட் கீதுன்னா, முந்தின நாளு முனி இவரு பக்கமே வர்றதில்ல. முனிக்கு ஷிப்ட் டைம் யாரு சொன்னது?"

"முனிக்கு எல்லாம் தெரியும்!"

"மைக்குல யாரு, எவருன்னே அதுக்குத் தெரியாதுன்னீங்க?"

சாமி மைக்கைக் கை மாத்தினார். "எல்லாம் தெரியும். ஆள் மட்டும்தான் தெரியாது."

"அது போதும் சாமி. இந்தக் கையை வெச்சிக்கினு நான் அறை வாங்க முடியாது. இன்னிக்கு முன்வரிசையில பொம்பளைங்களுக்குப் பதிலா ஆம்பளைங்க குந்தட்டும். முனி அவங்களை வரிசையா அறைஞ்சிட்டா, இப்பவே மோகனோட வூட்டுக்குப் போறேன்."

"அது... ஆம்பள உடம்புல சூடு ஜாஸ்திம்மா..."

தணிகாசலம் உண்மையான பக்தர். அந்தப் பக்தியாலயே சாமியைக் கவுத்தார். "இன்னா சாமி யோசிக்கிறீங்க? கண்ணில்லாத முனிக்கு ஆம்பள இன்னா, பொம்பள இன்னா? அந்தப் பொண்ணு வூடு போய்ச் சேர்ந்தா போதும். நானே குந்தறேன்!"

மொதல்ல வந்து உக்காந்தவன் இசக்கிபாண்டி. தென்காசிப் பக்கத்து ஆளு, மோகன் கம்பெனியில லோடு ஏத்துறவன், கதவு நிலையை அடைச்சுக்கிட்டு நிக்கிற உடம்பு. அடுத்து மோகனோட சூப்பர்வைசர் புருஷோத்தமன், வேடிக்கை பாக்க வந்து மாட்டிக்கிட்டவரு. அப்புறம் தணிகாசலம். அப்புறம், பொங்கலை முழுங்காம வாயில வெச்சபடி அந்த அப்பாவிங்க.

"சாமி, ஒரு வெவரம் சொல்லிருதேன்," இசக்கிபாண்டி கையைத் தூக்கினான். "எனக்கும் கண்ண மூடிட்டா ஆள் தெரியாது, பாத்துக்கிடுங்க. அடி விழுந்தா கை தன்னால திருப்பிக் குடுத்துரும். முனி கோவிச்சுக்கிடாதுல்லா?"

உடுக்கை அடிச்சாங்க. பாட்டில் கவுந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு, கையை ஓங்கிக்கிட்டு, "ஹேய்!"னு முனி முன்வரிசைக்கு வந்துச்சு.

இசக்கிபாண்டிகிட்ட வந்ததும் ஓங்கின கை மெல்ல எறங்கி முனியோட தலையைச் சொறிஞ்சுது. சூப்பர்வைசர் முன்னாடி லேசா முதுகு வளைஞ்சுது. தணிகாசலம் கன்னத்தைக் காட்டிக்கிட்டுப் பக்தியோட காத்திருந்தார், அவரையும் சுத்திக்கிட்டுப் போச்சு. கண்ணே இல்லாத முனி ஒருத்தர் கால்விரலைக்கூட மிதிக்கலைங்க! பாய்ங்களைத் தாண்டி, தொன்னைங்களைத் தாண்டி, பந்தக்கால்ல இடிக்காம வளைஞ்சு நெளிஞ்சு, பந்தலோட கடைசி வரைக்கும் போச்சு. அங்க ஒரு ஓரத்துல எலும்பும் தோலுமா பாஞ்சாலின்னு ஒருத்தி, பாவம், மோர் ஊத்திக்கிட்டு இருந்தா. அவ கன்னத்துல பளார்!

"அடேய் கோதண்டம்!" பாஞ்சாலிதான் ஆரம்பிச்சா. "அத்தினி ஆம்பளைங்க குந்திக்கினு கீறாங்க, உனக்கு நான்தான் கெடைச்சனா? கண்ணு தெரியாமதான் இம்மாந்தூரம் கரெக்டா வந்தியா?" மோர்ச் சொம்பு பறந்துச்சு. முனி கண்ணைத் தொறந்து, குனிஞ்சு, தப்பிச்சுது.

அப்ப பாக்கணுமே சிரிப்பை! சிரிச்சு முடிச்ச பொம்பளைங்க அவங்கவங்க கன்னத்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் செருப்பைத் தேடினாங்க. கோதண்டம் வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, எந்தப் பள்ளத்துலயும் விழாம, வந்த ஷேர் ஆட்டோவுல தாவி ஏறிட்டார்.

மோகன் மட்டும் வுடல. "சாமி டூப்பா இருக்கட்டும் ரஞ்சி. ஆனா எனக்கு நெஜமாவே ஒண்ணும் தெரியல. போதையில எதிர்ல யாரு கீறாங்கன்னே தெரியாது."

கூட்டம் மறுபடியும் தலையாட்ட ஆரம்பிச்சுது. என்ன ஜனமோ!

ரஞ்சனி அவனைப் பாக்கல. தணிகாசலத்தைப் பாத்தா. "அண்ணா, என் கையை இவரு முறுக்கிக்கினு இருந்தப்போ சத்தம் கேட்டு நீங்க வந்து கதவைத் தட்டினீங்க. இவருதானே தொறந்தாரு? உங்ககிட்ட இன்னா சொன்னாரு?"

தணிகாசலம் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "மடிச்சுக் கட்டின லுங்கியை எறக்கி வுட்டான்... 'ஒண்ணுமில்லண்ணா, டிவி சத்தம்'ன்னான்." மோகன் பக்கம் ஒரு தடவை பாத்துட்டு மிச்சத்தையும் சொன்னார். "'நீங்க உள்ள போங்கண்ணா, பனி வுழுது, உங்களுக்கு ஆஸ்துமா கீது'ன்னான்மா."

"உங்க ஆஸ்துமா தெரிஞ்சிருக்கு," ரஞ்சனி மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினா. "என் கை ஒடையறது தெரியல."

மோகன் எழுந்திருக்கப் பாத்தான். இசக்கிபாண்டி சும்மா எழுந்து நின்னான். மோகன் மரியாதையா உக்காந்துட்டான்.

"வாம்மா, ஸ்டேசனுக்கு நானே இட்டுக்கினு போறேன்"னார் தணிகாசலம், தலையைத் தூக்காம.

"இப்ப சொன்னதை அங்கயும் சொல்லுங்கண்ணா. அது போதும்." அவ முன்னால நடந்தா.

உங்க தெருவிலயும் சொல்வாங்க, குடிச்சவனுக்கு என்ன செய்யறோம்னே தெரியாதுன்னு. சொல்றப்ப நல்லாத் தலையாட்டுங்க. ஆட்டி முடிச்சதும் ஒண்ணே ஒண்ணு மட்டும் யோசிங்க: இத்தனை வருஷத்துல அவன் யாரையெல்லாம் அடிக்கலை?